கத்தரிக்கோலும் வெற்றுத்தாளும்: தபால்தலைப் பக்கங்களின் கதை

1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்காலத்தில், நான்கு அணாத் தபால்தலை ஒன்று வெளியானது. கல்கத்தாவில் நில அளவைத் துறை அலுவலகத்தில், காப்டன் துயிலியர் என்பவரின் மேற்பார்வையில், கல்லச்சில் அடிக்கப்பட்டது. இரண்டு வண்ணம். முதலில் சிவப்பில் சட்டம். பிறகு அதே தாளை இரண்டாம் முறை கல்லின்மேல் வைத்து, நீலத்தில் விக்டோரியாவின் தலை. உலகின் முதல் பலவண்ணத் தபால்தலைகளுள் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. தாளைத் திருப்பி வைத்த கவனக்குறைவால் மகாராணியின் தலை கவிழ்ந்துவிட்ட சில பிரதிகள் இன்று பெருஞ்செல்வர்களின் பெட்டகங்களில் இருக்கின்றன. அந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டது. நம்முடைய அக்கறை அந்தத் தலையைச் சுற்றியிருந்த சிவப்புச் சட்டத்தைப் பற்றியது. அது எண்கோண வடிவம்.

அன்று தபால்தலைகளுக்குப் பல்வரிசை கிடையாது. தாளிலிருந்து கத்தரித்துத்தான் எடுக்கவேண்டும். எண்கோணத்தைக் கண்ட கை எண்கோணமாகவே வெட்டியது. கடிதம் அனுப்பியவர்களும் அப்படி வெட்டினார்கள். பின்னால் வந்த சேகரிப்பாளர்களும், சதுரமாக இருந்தவற்றைக்கூட, ‘அழகாக’ இருக்கட்டும் என்று நறுக்கினார்கள். இன்று கிடைக்கும் நான்கு அணாத் தபால்தலைகளில் இப்படி உருவோடு வெட்டப்பட்டவை ஏராளம். தலைகீழ் பிழைகளிலும் பல அப்படித்தான் நிற்கின்றன. வெட்டி எறியப்பட்டது வெறும் வெள்ளைத் தாள் அன்று. முதல் அச்சில் தலைகளை நன்றாக இடைவெளி விட்டு, நடுவே நீல நெளிகோடுகளும் சிறு பூவடிவங்களும் வைத்து அடித்தார்கள். ஒரு தாளில் பன்னிரண்டு தலைகள். பின்வந்த அச்சுகளில் இடைவெளி சுருங்கியது, தாளுக்கு இருபத்துநான்கு ஆயிற்று. ஆகவே ஒரு தலை எந்த அச்சில் பிறந்தது என்பதற்கு முதன்மையான சாட்சி அதன் ஓரமே. அந்தச் சாட்சியைக் கத்தரிக்கோல் தின்றுவிட்டது.

ஏன் வெட்டினார்கள் என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை பாரிஸில் இருக்கிறது. 1862-இல் அங்கே ஜுஸ்தன் லாலியே என்பவர் தபால்தலைகளுக்கென்றே அச்சிட்ட ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். முதல் அச்சு ஆல்பம் என்று வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் குறிப்பது அதைத்தான். (அதே ஆண்டு லண்டனில் ஓப்பன் என்பவரின் ஆல்பமும் வந்தது.) நாடுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தலைக்கும் ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தார் லாலியே. கட்டங்கள் சிறியவை. தலை கட்டத்துக்குள் அடங்காவிட்டால் ஓரத்தை நறுக்கவேண்டியதுதான். மக்கள் நறுக்கினார்கள். பல்வரிசை வந்துவிட்டிருந்த தலைகளின் பற்களையும் சேர்த்து நறுக்கினார்கள். பிறகு தலையின் பின்புறக் கோந்தையே நனைத்து முழுசாக ஒட்டினார்கள். அக்காலத்து ஆல்பம் ஒன்றைப் பிரித்துத் தலைகளை எடுக்க முனைகிறவர் இரண்டு முறை துக்கப்படவேண்டும். ஒட்டியதற்கு ஒரு முறை, வெட்டியதற்கு ஒரு முறை.

நன்னம்பிக்கை முனையின் முக்கோணத் தலைகள் 1853 முதலே புழக்கத்தில் இருந்தன. சதுரக் கட்டங்களை வரைந்தவர்களுக்கு அவை என்ன சங்கடத்தைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற இளைஞர், பிளிமத்தில் தந்தையின் மருந்துக்கடையில் ஒரு மூலையில் தபால்தலை வியாபாரத்தைத் தொடங்கியவர், 1863-இல் இரண்டு மாலுமிகளிடமிருந்து ஒரு மூட்டை நிறைய இந்த முக்கோணங்களை ஐந்து பவுனுக்கு வாங்கினார் என்பது இத்துறையின் இதிகாசக் கதைகளில் ஒன்று. அந்த மூட்டை எத்தனை ஆல்பங்களின் கட்டங்களை மீறியிருக்கும்!

லாலியேவைக் குறைசொல்வது நம் நோக்கம் அன்று. அவருக்கு முன்பு இருந்த நிலையை நினைத்தால் அவர் செய்தது பெரிய ஒழுங்கு. பென்னி பிளாக் 1840 மே மாதம் வந்த மறு ஆண்டே, லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் ஒரு விளம்பரம் வந்தது. தன் ஒப்பனை அறையின் சுவர்களைப் பயன்படுத்திய தபால்தலைகளால் மூடவேண்டும் என்று ஆசைப்பட்ட இளம்பெண் ஒருத்தி, ஏற்கெனவே 16,000 சேர்த்துவிட்டதாகவும் இன்னும் வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். அதாவது தபால்தலையின் முதல் ‘பக்கம்’ சுவர். அந்தச் சுவரில் ஒட்டப்பட்டவை எல்லாம் பென்னி பிளாக்கும் அதன் அடுத்த வாரிசுகளுமாகத்தான் இருந்திருக்கவேண்டும். அச்சு ஆல்பம் வந்தபோது தபால்தலை சுவர்த்தாளாக இருப்பதிலிருந்து விடுபட்டு, ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கும் உரியதாக ஆயிற்று. அந்த அளவில் அது முன்னேற்றமே.

ஆனால் கட்டம் என்பது ஒரு கருத்து. ‘இங்கே ஒன்று வரவேண்டும், ஒன்றே ஒன்றுதான் வரவேண்டும்’ என்று அது சொல்கிறது. இந்தக் கருத்தை உடைத்ததும் பாரிஸ்தான். 1864-இல் ஜார்ஜ் எர்ப்பன் என்பவர், அதுவரை கேலியாகத் தபால்தலைப் பித்து என்று அழைக்கப்பட்ட பழக்கத்துக்கு, ‘வரியிலிருந்து விலக்குப் பெற்றதன்மீது அன்பு’ என்று பொருள்படும்படி கிரேக்க வேர்களைச் சேர்த்து ‘பிலாட்டலி’ என்று பெயரிட்டார். (பெறுநர் கட்டணம் செலுத்தத் தேவையில்லை என்பதே விலக்கு. நன்றாக யோசித்தால் கொஞ்சம் இழுத்துக்கட்டிய பெயர்தான்; ஆயினும் நிலைத்துவிட்டது.) இரண்டு ஆண்டுகள் கழித்து 1866-இல் டாக்டர் லெக்ராங் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்று எண்ணும் அளவுகோலை வகுத்தார். இன்றுவரை உலகம் முழுதும் பல்வரிசையை அளப்பது அந்த இரண்டு சென்டிமீட்டரால்தான். எளிய அட்டைத்துண்டு ஒன்று செய்த வேலையைப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய தபால்தலை, பல்வரிசை 12 என்றும் 14 என்றும் இரண்டாயிற்று. காகிதத்தை ஒளியில் பிடித்து நீர்க்குறி பார்த்தால் அவை நான்காயின. மை சற்று மாறியதைக் கணக்கில் எடுத்தால் எட்டு. அச்சு ஆல்பத்திலோ ஒரு கட்டம்தான்.

எட்டையும் வைக்க இடம் வேண்டியவர் என்ன செய்வார்? வெற்றுத்தாளை எடுத்தார். சொந்தப் பக்கத்தின் பிறப்பு இந்த நெருக்கடியில்தான் என்று நாம் கருதுகிறோம். ஏழ்மையால் ஆல்பம் வாங்க முடியாதவர்கள் எக்காலத்திலும் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அது வேறு. இங்கே பேசுவது, வாங்கக்கூடியவர்களே வாங்க மறுத்ததைப் பற்றி.

பென்னி பிளாக் இந்த மறுப்பை இன்னும் ஆழமாக்கியது. ஒரு தாளில் 240 தலைகள். இருபது வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. ஒரு பென்னி வீதம் முழுத்தாள் ஒரு பவுன். மோசடியைத் தடுக்க ஒவ்வொரு தலையின் கீழ்மூலைகளிலும் இரண்டு எழுத்துகள் வைத்தார்கள். இடது எழுத்து வரிசையைச் சொல்லும், வலது எழுத்து அவ்வரிசையில் அதன் இடத்தை. அந்த எழுத்துகளைத் தகட்டில் கையால் குத்தினார்கள். எனவே அவை சற்றே சாய்ந்தோ தள்ளியோ விழுந்தன. தகட்டுக்குத் தகடு வேறுபட்டன. பதினொரு தகடுகள். பொறுமையுள்ளவர் ஒருவர் சிதறிப்போன தலைகளை ஒவ்வொன்றாகத் தேடி, எழுத்தின் சாய்வைக்கொண்டு தகட்டைக் கண்டுபிடித்து, கிழிந்துபோன அந்தத் தாளைத் தம் மேசையின்மேல் மறுபடி கட்டி எழுப்பலாம். அதற்கு வேண்டியது கட்டமிட்டுத் தாமே வரைந்துகொண்ட பக்கம் மட்டுமே. சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் மீட்டவர்களின் வேலையோடு இதை ஒப்பிடத் தோன்றுகிறது. உவமையை அதிகம் நீட்டவேண்டாம். ஆனால் உழைப்பின் இயல்பு ஒன்றுதான்.

நம் நாட்டு 1854 கல்லச்சுத் தலைகளுக்கு மூலை எழுத்துகள் இல்லை. ஆகவே வேலை இன்னும் கடினம். அரை அணா நீலத் தலைகள் தாளுக்கு 96. கல்லுக்குப் படத்தை மாற்றும்போது விழுந்த சிறு கறை, உடைந்த கோடு, மகாராணியின் கழுத்தருகே ஒரு புள்ளி, இவையே அடையாளங்கள். இந்திய வனத்துறையில் அதிகாரியாக இருந்த ஈ.ஏ. ஸ்மைதிஸ் இந்தத் தலைகளின்மேல் தீராத மோகம் கொண்டிருந்தார். டி.ஆர். மார்ட்டினுடன் சேர்ந்து அவர் நான்கு அணாக் கல்லச்சுத் தலைகளைப் பற்றி எழுதிய நூல் 1930-இல் வெளிவந்தது. அச்சுக்கு அச்சு, கல்லுக்குக் கல் பிரித்துச் சொல்லும் நூல் அது. முதலில் பக்கங்கள், பிறகு புத்தகம் என்ற வரிசையில்தான் இத்தகைய ஆய்வுகள் நடக்கின்றன. தலைகளைத் தாளில் பரப்பி, நகர்த்தி, மறுபடி நகர்த்திப் பார்க்காமல் அந்த முடிவுகள் கிடைத்திரா. எண்கோணமாக வெட்டப்பட்ட பிரதிகள் அவர்களுக்கு எவ்வளவு ஆத்திரம் மூட்டியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அச்சு ஆல்பத்தை மதிப்பிழக்கச் செய்த இன்னொரு காரணம் வணிகம். நிக்கலஸ் சீபெக் என்ற நியூயார்க் அச்சக வணிகர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகரகுவா, ஈக்வடோர் ஆகிய நாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுதோறும் புதிய தபால்தலைகளை இலவசமாக அச்சிட்டுத் தருவார்; ஆண்டு முடிந்ததும் மிச்சம் அவருக்கு, தகடும் அவருக்கு. நிரப்பப்படாத கட்டங்கள் இருக்கும்வரை அவற்றை நிரப்பத் துடிக்கும் சிறுவர்களும் இருப்பார்கள் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். 1895-இல் லண்டனில் இத்தகைய ஊக வணிகத் தலைகளை ஒழிக்கவென்றே ஒரு சங்கம் தோன்றியது, அதிகம் சாதிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பூட்டான் வட்டவடிவ இசைத்தட்டுகளையே தபால்தலைகளாக வெளியிட்டபோது அந்தச் சங்கத்தினர் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

இனி பக்கத்தின் கலைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தனித்தாள் ஆல்பம் பரவியது. கட்டங்கள் இல்லை. மிக மெல்லிய சாம்பல் நிறத்தில் கணக்கு நோட்டைப் போலச் சிறு சதுரக்கோடுகள் மட்டும். அவை கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிந்து, கைக்கு வழிகாட்டும். இடப்புறம் உறையில் கோக்க ஓரம். தாளைக் கழற்றலாம், இடையில் ஒன்றைச் செருகலாம், கருத்து மாறினால் தூக்கி எறியலாம். எழுதுவதற்கு இந்தியன் இங்க், கூர்மையான தேசப்பட முள். தலைகளை வைக்க ஹிஞ்ச் என்னும் மெல்லிய மடிப்புத்தாள். ஒரு மடி தலையில், ஒரு மடி பக்கத்தில். கதவின் கீலைப்போலத் தலையைத் தூக்கிப் பின்புறம் பார்க்கலாம். (பிற்காலத்தில் இந்த ஹிஞ்ச் பட்ட தடமே குற்றமாகி, தடமில்லாத தலைக்குப் பன்மடங்கு விலை என்ற கூத்து வந்தது. பின்புறக் கோந்தைக் காசாக்கும் இந்த வழக்கத்தை நாம் ரசிக்கவில்லை.)

பக்கத்தை எழுதுவது எப்படி என்பதில் அன்றே இரண்டு பள்ளிகள். ஒன்று தலைகளே பேசட்டும் என்று மௌனம் காத்தது: மேலே நாட்டின் பெயர், கீழே ஆண்டு, நீர்க்குறி, பல்வரிசை, அவ்வளவே. மற்றது ஒவ்வொரு தலைக்கும் பத்திபத்தியாக எழுதியது. இரண்டாம் வகையினர் எழுதிய பக்கங்களில் தலையைத் தேடவேண்டியிருக்கும். இடையில் ஒரு நடை உண்டு. அதைக் கைக்கொண்டவர் எட்வர்ட் டென்னி பேக்கன் என்று நாம் சொல்வோம். நாடாளுமன்ற உறுப்பினர் டாப்ளிங் 1891-இல் இளவயதிலேயே இறந்து, தம் பெருந்தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றபோது அதை ஒழுங்குபடுத்தியவர் பேக்கன். பின்பு 1913 முதல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தொகுப்புக்கும் அவரே பொறுப்பாளர். 1904-இல் மொரீஷியஸ் நாட்டின் இரண்டு பென்னித் தலை ஒன்றுக்கு 1,450 பவுன் கொடுத்தவர் அந்த ஜார்ஜ். அப்போது அவர் இளவரசர். அவர் காலத்துத் தொகுப்பு 328 சிவப்பு ஆல்பங்கள். உலகத்தின் விலையுயர்ந்த பொருள்களை வைத்திருந்தவருக்கும் கடைசியில் தேவைப்பட்டது வெற்றுத்தாளும், எங்கே இடம் விடவேண்டும் என்று தெரிந்த ஒரு மனிதரும்தான்.

எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம். 1854 முதல் 1867 வரை சிங்கப்பூர், பெனாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியிருப்புகளுக்குத் தனித் தபால்தலை கிடையாது. இந்தியத் தலைகளையே அங்கே ஒட்டினார்கள். வங்காள அஞ்சல் வட்டத்தின் கணக்கில் சிங்கப்பூருக்கு ‘பி 172’ என்று ஒரு முத்திரை. 1867 செப்டம்பரில் இந்தியத் தலைகளின்மேல் கிரீடமும் சென்ட் மதிப்பும் மேலச்சிட்டு வெளியிட்ட பிறகுதான் கணக்கு பிரிந்தது. ஆகவே விக்டோரியா தலையுள்ள அரை அணாவோ இரண்டு அணாவோ ‘பி 172’ என்ற எண்ணோடு நம் கைக்கு வந்தால், அது இந்தியாவா சிங்கப்பூரா? அச்சு ஆல்பத்துக்குச் சந்தேகமே இல்லை. இந்தியா, இன்ன ஆண்டு, இன்ன நிறம், ஒரு கட்டம். முத்திரை அதற்கு அழுக்கு மட்டுமே. சுத்தமான பிரதி கிடைத்தால் இதை எடுத்துவிட்டு அதை வைக்கச் சொல்லும். அந்தக் கடிதம் வங்கக்கடலின் எந்தக் கரையில் அஞ்சலில் விழுந்தது என்ற செய்தி அத்தோடு போயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பெனாங்கில் இறங்கியவர்களின் காலம் அது. அவர்களில் எழுதத் தெரிந்தவர் குறைவு, தபாலுக்குக் காசு இருந்தவர் அதனினும் குறைவு. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு முத்திரையும் அதனால்தான் பொருளுடையது. சொந்தப் பக்கம் வைத்திருப்பவர் அதற்கு ஒரு தாள் ஒதுக்கி, நடுவில் அந்த ஒற்றைத் தலையை வைத்து, கீழே இரண்டு வரி எழுதலாம். 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரியும்வரை இந்தியத் தலைகளையே பயன்படுத்திய பர்மாவுக்கும் இது பொருந்தும்.

இன்னும் சிக்கலானது ஆசாத் ஹிந்த். நேதாஜியின் இயக்கத்துக்காக 1943-இல் பெர்லின் அரசு அச்சகத்தில் அடிக்கப்பட்ட தபால்தலைகள் அவை. ஏர் உழுபவர், இந்திய வரைபடத்தின்மேல் அறுபடும் சங்கிலி போன்ற படங்களோடு. ஆனால் அஞ்சலில் அவை பயன்படவே இல்லை. பயன்படாதது தபால்தலையே அன்று என்பது கண்டிப்பான இலக்கணம். ஜெர்மனியின் பக்கத்தில் வைத்தால் அபத்தம். பிரிட்டிஷ் இந்தியாவின் பக்கத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு அருகில் வைத்தால் அதைவிட அபத்தம். 1947 நவம்பர் 21-இல் வெளியான சுதந்திர இந்தியாவின் முதல் தலையில் ‘ஜெய் ஹிந்த்’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்த முழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நினைத்து, அதற்கு முந்தைய தாளில் இவற்றை வைப்பவர்கள் உண்டு. நமக்கும் அதுவே சரியெனப்படுகிறது. பக்கத்தை வரிசைப்படுத்துவது என்பது வரலாற்றைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுப்பதுதான். அச்சு ஆல்பமும் ஒரு நிலைப்பாடே, வேறொருவருடையது.

இதையும் சொல்லியாகவேண்டும்: சொந்த வரிசை எப்போதும் மேலானது அன்று. தமிழ் இலக்கியம் என்று ஒரு தாளுக்குத் தலைப்பிட்டு, 1960-இன் திருவள்ளுவரையும் பாரதியையும், 1999-இன் கல்கியையும், 2006-இன் உ.வே.சா.வையும் நம்மில் பலர் சேர்த்து வைத்திருப்போம். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் 1960 என்ற ஆண்டை அப்படியே கால வரிசையில் வைத்தால் தெரிவது வேறு. பிப்ரவரியில் வள்ளுவர், ஜூனில் காளிதாசன், செப்டம்பரில் பாரதி. மொழிகளைப் பற்றிய கசப்புகள் முற்றிக்கொண்டிருந்த காலத்தில் டெல்லி எப்படிச் சமன்செய்து நடந்தது என்பது அந்த ஒரே தாளில் படிக்கக் கிடைக்கிறது. பொருள்வாரித் தாள் அதை மறைத்துவிடும். இரண்டு பிரதி இருந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம், ஒன்றுதான் என்றால் எதையாவது இழக்கவேண்டும்.

1949-இன் தொல்பொருள் வரிசையில் ஓரணாத் தலை இதற்கு இன்னொரு பாடம். போதிசத்துவர் சிலையின் படத்தை இடம்வலம் மாற்றி அச்சிட்டுவிட்டார்கள், 1950-இல் திருத்தினார்கள். தனித்தனியே பார்க்கிறவர் பிழையைக் கண்டுகொள்ளமாட்டார். இரண்டையும் அருகருகே வைத்து, நீட்டிய கையைக் கவனிக்கும்படி ஒரு சொல் எழுதினால் போதும்.

தபால்தலை ஆல்பம் என்றதும் தமிழ் வாசகனுக்கு நினைவுக்கு வருவது சுந்தர ராமசாமியின் ‘ஸ்டாம்பு ஆல்பம்’ கதை. பொறாமையைப் பற்றிய கதை என்றே அதைப் பெரும்பாலும் வாசித்துவருகிறோம். நம் பொருளின் பக்கமிருந்து பார்த்தால் அது இரண்டு ஆல்பங்களின் கதையும் ஆகும். ராஜப்பா அலைந்து, பண்டமாற்றுச் செய்து, துளித்துளியாகச் சேர்த்தது ஒன்று. நாகராஜனுக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா அனுப்பிவைத்தது, தயாராக வந்தது, மற்றொன்று. வகுப்பு முழுதும் ஒரே நாளில் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கையால் எழுதியிருந்த வாசகத்தைப் பிள்ளைகள் தங்கள் நோட்டுகளில் எழுதிவைத்துக்கொள்வது கதையில் வரும் நுட்பமான இடம். அச்சிட்ட ஆல்பத்திலும் பிறரை ஈர்த்தது கையெழுத்துதான். கதாசிரியரின் நாகர்கோவிலோ 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரின், பின்பு திருவாங்கூர்-கொச்சியின் பகுதி. 1888 முதல் சங்கு முத்திரையிட்ட அஞ்சல் தலைகளை வெளியிட்டு, 1951 வரை தனி அஞ்சல் நடத்திய சமஸ்தானம் அது. ஆங்கில ஆல்பங்களில் இந்தச் சங்குத் தலைகள் ‘இந்திய சமஸ்தானங்கள்’ என்ற பின்னிணைப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் தாமே பக்கம் செய்தால் அவற்றைத்தான் முதலில் வைப்பார்.

செய்முறையைப் பற்றியும் கொஞ்சம். மேலை நாட்டுக் கையேடுகள் சொல்லாத ஒன்று நம் ஊரின் ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பயன்படுத்தாத தலையின் கோந்து தானாகவே இளகிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பழுப்புப் புள்ளிகள் பூக்கும். கோந்தின் ருசிக்கு இராமபாணப் பூச்சி வரும். சுவடிகளைத் தின்ற அதே குலம். ஆல்பத்தைப் படுக்கவைத்து மேலே கனம் ஏற்றாமல் நிற்கவைப்பது, மாதம் ஒருமுறையாவது விரித்துக் காற்றாட விடுவது, இவை தவிர்க்கமுடியாதவை. ஹிஞ்ச் கிடைக்காத நாட்களில் பட்டர் பேப்பரைக் கீற்றாக வெட்டி, பசையிட்டு மடித்தார்கள், மோசமில்லை. செலோடேப் ஒட்டியவர்களின் தலைகள்தான் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பாழாயின. பளபளப்பான மலிவு பிளாஸ்டிக் உறைகளும் அப்படியே. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து மையைக் கரைக்கும். தாள் அமிலமற்றதாகவும் கனமாகவும் இருக்கவேண்டும். தலைகளை ஒட்டுவதற்கு முன் வெறுமனே பரப்பி ஓரிரு நாள் அப்படியே விட்டுப் பார்க்கவேண்டும். இந்த ஓரிரு நாளில் பெரும்பாலும் வரிசை மாறிவிடும்.

கணினி வந்தபின் முள்ளும் இங்கும் ஓய்வுபெற்றன. கண்காட்சிச் சட்டகம் ஒன்றில் பதினாறு தாள்கள் என்ற கணக்கும், ஏ4 அளவும் பொதுவழக்கு ஆகிவிட்டன. இங்க்ஜெட்டில் அச்சிட்ட எழுத்து நம் ஈரத்தில் கசியும், லேசர் அச்சின் மை பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்டு வரும் என்பன போன்ற தொல்லைகள் சிறியவை. பெரியது ஒன்று உண்டு. நாடுவாரியாகக் கட்டமிட்ட பக்கங்களை இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம் என்றானபோது, வீட்டுக்குள்ளேயே லாலியே திரும்பிவந்தார். கட்டத்தை முதலில் அச்சிட்டுவிட்டு, அதற்குத் தலை தேடுகிறார்கள். யாரும் இப்போது கத்தரிப்பதில்லை என்பது ஆறுதல்.

இத்தனை பாடுபட்டுச் செய்த பக்கங்களுக்கு நேர்வது என்ன? ஃபெராரியின் கதை அனைவரும் அறிந்தது. உலகின் மிகப்பெரிய தொகுப்பை அவர் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்து 1917-இல் இறந்தார். பிரெஞ்சு அரசு அதைப் போர் இழப்பீடாகப் பறிமுதல் செய்து, 1921 முதல் பாரிஸில் ஏலம் ஏலமாக விற்றது. பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலை, உலகில் ஒன்றே ஒன்று, அப்படித்தான் அமெரிக்காவுக்குப் போயிற்று. எண்கோணமாக மூலைகள் வெட்டப்பட்டது அதுவும். சாதாரண மனிதரின் தொகுப்புக்கு ஏலத்தின் ஆரவாரம் இல்லை. வீட்டார் வியாபாரியை அழைக்கிறார்கள். அவர் விலைபோகும் தலைகளைத் தாளிலிருந்து கழற்றி, தம் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு, எழுதிய தாள்களை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார். தலைகள் இருந்த இடங்களில் வெளிறிய செவ்வகங்கள்; கீழே ஒருவர் கையெழுத்தில் நீர்க்குறியும் பல்வரிசையும். பின்புறம் திருப்பினால் சிலவற்றில் பென்சிலால், எந்த ஊரில், யாரிடமிருந்து, எந்த ஆண்டில், என்ன விலைக்கு என்று குறித்திருக்கும்.